பானை மேடைக்குப் பின்னால் வைத்த பெட்டி

அண்ணே,

பெட்டியைத் திறந்தால் தனக்கா மணக்கிறது. நாம் அதில் தனக்கா வைக்கவில்லை. உப்பு வைத்தோம், மெழுகில் முக்கிய தீப்பெட்டி வைத்தோம், சோடா மூடி திறக்கும் சாவி வைத்தோம், ஊசியும் நூலும் வைத்தோம். தாரும் துருவும் மணந்தால் நியாயம். இங்கே பர்மியப் பெண்கள் அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும் அந்தக் கட்டையின் மணம் எப்படி வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பெட்டி ஆறு மாதமாக என் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் மூச்சு வாங்க ஏறி வருவீர்களே, அதே மூன்றாம் மாடி, அதே சன்னலோரம். கீழே தெருவில் பலாக்காய் பஜ்ஜிக்காரன் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே எழுந்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை இரண்டு முறை தொடங்கிக் கிழித்தேன். முதல் தடவை தேதி வாரியாகக் குறிப்பெடுத்துக்கொண்டு எழுதினேன். அது அலுவலக அறிக்கை போல இருந்தது. இரண்டாம் தடவை மன்னிப்பில் தொடங்கினேன். நீங்கள் இருந்தால் முதல் வரியிலேயே, "என்னய்யா ஸ்கேலு, தப்பைச் சொல்லாம மன்னிப்பு மட்டும் கேக்குற?" என்று கேட்டிருப்பீர்கள். ஆகவே நடந்தபடியே எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்கேல் என்று எனக்குப் பெயர் வைத்தவர் நீங்கள். நகர அளவைப் பிரிவில் நான் உள்ளே உட்கார்ந்து படம் வரைபவன். நீங்கள் சங்கிலியும் கம்பமும் தூக்கிய ஆட்களோடு வெயிலில் போய் அளந்து வருபவர். நீங்கள் கொண்டுவரும் சேறு படிந்த குறிப்புப் புத்தகத்தை என் மேசைமேல் போடுவீர்கள். நான் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் திறப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். "அவன் துடைக்கட்டும்யா. நான் காலால அளந்ததை அவன் கையால அளக்குறான். ரெண்டு தடவ அளந்த ஊரு எங்கயும் ஓடிப்போவாது" என்பீர்கள். நம் இருவருக்கும் இடையே இருந்த மரியாதை அந்த ஒரு பேச்சில் அடங்கிவிடும்.

பெகு சாலையில், நகரம் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியை எனக்குக் காட்டியதும் நீங்கள்தான். உங்கள் ஆட்கள் மதியச் சோறு தின்னும் இடம். சிமெண்டுப் பலகை இரண்டு, உடைந்த மேசை ஒன்று, வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பானை வைக்கும் மேடை ஒன்று. செங்கல் மேடை, தகரக் கூரை, ஐந்து மண்பானை, கவிழ்த்த குவளை. இந்த நாட்டில் புண்ணியத்துக்காக யாரோ கட்டி யாரோ ஊற்றி வைக்கும் மேடைகளில் ஒன்று. யேஓஸின் என்பார்கள். அலுவலகத்தின் வருடாந்திரப் பிக்னிக் லாரியும் அங்கேதான் நிற்கும். ஒவ்வொரு வருடமும் எதையாவது மறந்துவிட்டு வந்திருப்போம். ஒரு வருடம் உப்பு. ஒரு வருடம் தீப்பெட்டி. இருபத்திரண்டு பேர் பச்சை இறைச்சியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரு வருடம் தலைமை எழுத்தரின் லுங்கி கிழிந்து, ஊசி இல்லாமல், மனிதர் மாலைவரை எழுந்திருக்கவே இல்லை. "எதையும் மறக்காம வந்தா அது பிக்னிக்கு இல்ல, ஆபீசு" என்றீர்கள்.

எண்பத்தெட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. ஊரே ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கிய அந்த வருடம் அலுவலகத்தில் ஒரு தாள் சுற்றி வந்தது. கையெழுத்துக் கேட்டது. என் மேசைக்கு வந்தபோது என் பேனாவில் மை இல்லை என்றேன். நீங்கள் உங்கள் பேனாவை நீட்டினீர்கள். வயிறு சரியில்லை என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது தாள் அடுத்த அறைக்குப் போயிருந்தது. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்துக் கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நீங்கள் ஒன்பது நாள் கழித்து வந்தீர்கள், வேறு ஆளாக இல்லை, ஆனால் மெலிந்து. அதன் பிறகு உங்களை வெளி வேலைக்கு அனுப்பவே இல்லை. பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். ஊரையே நடந்து அளந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து பூச்சி அரித்த கட்டுகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னண்ணே கேட்டாங்க?" என்றேன் ஒரு நாள், அந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு.

"பேரு கேட்டாங்க. சொன்னேன். அதான் ஏற்கெனவே எழுதியிருந்துச்சே."

நீங்கள் சிரித்தீர்கள். நான் அன்றிலிருந்து எந்தத் தாளில் என் பெயரை எழுதினாலும் ஒருமுறை வாசலைப் பார்க்கிறேன். மின்சார அலுவலகத் தாளானாலும் சரி.

இருவரும் ஓய்வு பெற்றோம். நீங்கள் தாகேதாவுக்குக் குடிபோனீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மாதா கோயில் பூசை முடிந்து வரும் நேரத்துக்குச் சரியாக நான் பாலம் தாண்டி வந்து சேர்வேன். அப்படி ஒரு ஞாயிறு, ஆஸ்திரேலியாவிலிருந்து உங்கள் மகள் ஸ்டெல்லா எழுதிய கடிதத்தை நீட்டினீர்கள். இரண்டாயிரத்து நான்கு, குளிர்காலம். அங்கே ஒரு விளையாட்டு இருக்கிறதாம். ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் கணினியில் எழுதிவிடுவாராம். எங்கிருந்தோ வருகிறவர் கையடக்கக் கருவியை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுதுவாராம். ஒரு பொருளை எடுத்தால் ஒரு பொருளை வைக்க வேண்டும். பெட்டிக்கு ஏதாவது ஒரு கருத்து வைத்து, அதற்கேற்ற சாமான்களாகப் போடுவதும் உண்டாம்.

"அளந்து வைக்கிறது, அளந்து கண்டுபிடிக்கிறது. இது நம்ம வேலைய்யா" என்றீர்கள். பழைய கோப்பு அறைக்குப் போனபின் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "நான் எடம் பாத்துட்டேன். கருத்தும் பாத்துட்டேன். பிக்னிக்குக்கு மறக்குற சாமான். நீ நம்பரு மட்டும் குடு."

"அண்ணே, நோட்டுல பேரு எழுதணுமா?"

"பேரு எழுதாம எப்படிய்யா? வந்தவன் வந்தான்னு எப்படித் தெரியும்?"

"சாலையில கேட்பாரில்லாம ஒரு பெட்டி. உள்ள ஆளுங்க பேரு. காலம் நல்லா இல்ல."

"காலம் எப்ப நல்லா இருந்துச்சு? கெய்ஸா மஷிபூ. ஒண்ணும் ஆவாது."

உங்களோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. ஒன்றே ஒன்றில் ஜெயித்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் விளக்கம் எழுதும்போது நீங்கள் பர்மியத்திலும் எழுத வேண்டும் என்றீர்கள். வேண்டாம், யாராவது அதிகாரி கையில் கிடைத்தால் வினையாகும், தேடி வருகிறவர்கள் எப்படியும் வெளிநாட்டுக்காரர்கள், ஆங்கிலம் போதும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "சரி, நீ பயந்தா ரெண்டு பேருக்கும் சேத்துப் பயந்துடுற" என்று விட்டுக்கொடுத்தீர்கள். அந்தப் பிடிவாதம் பிறகு என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

எண்களை நான் கணக்கிட்டேன். கருவி நம்மிடம் ஏது. ஓய்வு பெறும்போது கழித்துக்கட்டிய தாள்களில் ஒன்றாக எனக்குக் கிடைத்த, ஒரு மைலை ஓரங்குலத்தில் காட்டும் வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் இருந்தது. மரத்தடியை மைல்கல்லிலிருந்து நீங்கள் நடந்து அளந்து சொன்னீர்கள். கண்ணாடித் தகட்டை மேலே வைத்து, பிரிப்பானால் தூரம் எடுத்து, விநாடியின் பின்னம்வரை கணக்குப் போட்டேன். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் முழுவதும் திரும்பப் போட்டேன். ஒரே விடை வந்தது. என் வாழ்க்கையில் நிம்மதியாகத் தூங்கிய சில நாட்களில் அது ஒன்று.

பெட்டி வைக்கப் போன மதியம் உங்களுக்கு நினைவிருக்கும். லைன்கார் பஸ்ஸில் நடத்துனர், "யேஓஸின், பா லா?" என்று கத்தினான். அந்த நிறுத்தத்தில் இறங்க ஆள் உண்டா என்று கேட்பது இங்கே வழக்கம். யாராவது "பா தே", இருக்கிறது என்று பதில் சொன்னால் வண்டி நிற்கும். சொல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் வண்டியே அதிரும்படி "பா தே" என்றீர்கள். நான் பிஸ்கட் தகரப் பெட்டியைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உங்கள் பின்னால் இறங்கினேன். சற்றுத் தள்ளிச் சோதனைச் சாவடியின் சிவப்பு வெள்ளைக் கழி தெரிந்தது.

"பொணத்தைப் பொதைக்க வந்தவன் மாதிரி முழிக்காதய்யா. சாதாரணமா நில்லு."

"சாதாரணமாத்தான் நிக்கிறேன்."

"சாதாரணமா நிக்கிறவன் மேல்சட்டைப் பொத்தானை மூணு தடவ போட்டுப் போட்டுக் கழட்ட மாட்டான்."

பானை மேடையின் பின்புறம் செங்கல் ஒன்று தளர்ந்து உள்ளே பொந்து இருந்தது. பெட்டியின் மூடி விளிம்பில் தார் தடவி உள்ளே தள்ளினோம். செங்கல்லைப் பழையபடி வைத்தீர்கள். பிறகு குவளையை எடுத்து ஒரு பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தீர்கள். "குளுகுளுன்னு இருக்கு. இன்னைக்கு ஊத்துன தண்ணி. யாரோ தெனம் வந்து ஊத்துறாங்க பாத்தியா" என்றீர்கள். நான் சாவடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதைக் கேட்டேன், யோசிக்கவில்லை.

ஸ்டெல்லா எண்களைக் கணினியில் ஏற்றினாள். அதன்பின் நீங்கள் காத்திருக்கத் தொடங்கினீர்கள். அடுத்த வருடம் இல்லை, அதற்கடுத்த வருடம், உங்களுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தது. பேச்சு மிஞ்சியது, கால் மிஞ்சவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். அந்த மழைக்காலத்தின் முடிவில்தான் ஸ்டெல்லாவின் செய்தி வந்தது. எங்கள் தெருமுனை இணையக் கடையில் அடையாள அட்டையைக் காட்டி, பெயர் எழுதி, வாசலைப் பார்த்து, அதைத் தாளில் எடுத்துக்கொண்டு தாகேதாவுக்கு வந்தேன். ஒரு வெளிநாட்டுத் தம்பதி தேடிப் போயிருக்கிறார்கள். எண்கள் காட்டிய இடம் நெல்வயலின் நடுவே இருந்ததாம். ஒரு மணி நேரம் தேடினார்களாம். மேடையும் இல்லை, மரமும் இல்லை. வரப்பில் நின்ற விவசாயி இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தானாம்.

படித்து முடித்ததும் தாளை நான்காக மடித்தேன். "அண்ணே, என் கணக்குதான் தப்பு" என்றேன்.

நீங்கள் இடது கையை ஆட்டினீர்கள். "உன் நம்பரு தப்பாவாது. அவங்களுக்குத் தேடத் தெரியல. இல்லன்னா பெட்டிய யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அத மட்டும் பாத்துட்டு வா. பெட்டி இருக்கா, யாராச்சும் பேரு எழுதிருக்காங்களான்னு பாத்து வா ஸ்கேலு. என்னால முடியல."

நீங்கள் எதையும் என்னிடம் கேட்டதில்லை. எண்பத்தெட்டில் கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை, பேனாவைத்தான் நீட்டினீர்கள். முதன்முதலாகக் கேட்டது இதுதான்.

மறுநாள் காலை லைன்காரில் ஏறினேன். சாலை வளைவில் தூங்குமூஞ்சி மரம் தெரிந்தது. "யேஓஸின், பா லா?" என்றான் நடத்துனர். சொல்ல வாயைத் திறந்தேன். சாவடியில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தனியாக இறங்குகிற ஒரு கிழவன், மேடைக்குப் பின்னால் போய்க் குந்துகிறான், செங்கல்லை உருவுகிறான். என்ன பெட்டி, யார் வைத்தது, உள்ளே யார் பெயர். எனக்குள் இந்தக் கேள்விகளை நானே கேட்டு முடிப்பதற்குள் மரம் பின்னால் போய்விட்டது. சன்னல் வழியே ஐந்து பானையும் தெரிந்தன. பெகு வரை போய் அங்கே நிலையத்தில் ஒரு லபெயெ டீ குடித்துவிட்டு, வேறு வண்டியில் திரும்பி வந்தேன். திரும்பும்போதும் நடத்துனர் கேட்டான். திரும்பும்போதும் நான் சொல்லவில்லை.

அன்று மாலை உங்களிடம் வந்து, "பெட்டி இருக்குது அண்ணே. யாரும் பேரு எழுதல" என்றேன்.

"திறந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"தார் புடிச்சிருந்துச்சா?"

"நல்லாப் புடிச்சிருந்துச்சு."

அளக்காததைப் படத்தில் வரையாதவன் நான். ஒரு கிணறு இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுவேன், மேலதிகாரி திட்டினாலும். அந்த நான் தாரைப் பற்றி அவ்வளவு சரளமாகச் சொன்னேன்.

மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே வண்டி ஏறினேன். ஏறாமலே பொய் சொல்லியிருக்கலாம்; அது முடியவில்லை. இந்த மாதம் இறங்கிவிடுவேன் என்று ஒவ்வொரு மாதமும் நம்பினேன். பா தே. இரண்டே எழுத்து. வீட்டில் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வண்டியில் வராது. மழை என்றால் மழை ஒரு சாக்கு, சாவடியில் ஆள் இல்லையென்றால் ஒளிந்து பார்க்கிறார்களோ என்ற எண்ணம். நடத்துனர்களில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "ஊலே, நீங்க எங்கதான் எறங்கணும்?" என்று மாமா முறை வைத்துக் கேட்டான். அடுத்த மாதம் அவன் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள். பேச்சு குறையக் குறையக் கேள்வியும் குறுகிக்கொண்டே வந்தது. முதலில், "யாராச்சும் பேரு எழுதிருக்காங்களா?" பிறகு, "யாராச்சும்?" கடைசியில் புருவம் மட்டும் உயரும். நான் தலையை ஆட்டுவேன். நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். யாரோ வந்ததாக ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். இல்லாத மனிதருக்குப் பெயர் கட்ட எனக்கு வரவில்லை. அது மட்டும் பொய் என்று எனக்குப்பட்டது. மற்றது என்னவாகப்பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன வருடம், கடைசிக்கு முந்தின ஞாயிறு, நீங்கள் தெளிவாகப் பேசினீர்கள். "ஒரு ஆளு போதும் ஸ்கேலு. ஊரு பூரா வேணாம். நான் வெச்ச எடத்துக்கு ஒரு ஆளு வந்தாப் போதும்."

"வருவாங்க அண்ணே" என்றேன்.

நல்லடக்கத்துக்கு ஸ்டெல்லா வந்தாள். நான்காம் நாள் என்னிடம் ஒரு தாளைக் காட்டினாள். அந்த விளையாட்டுக்காரர்களில் விவரம் தெரிந்த ஒருவர் எழுதியிருந்தார். பழைய வரைபடங்கள் பூமியை அளக்கத் தொடங்கும் புள்ளி வேறு, செயற்கைக்கோள் அளக்கும் புள்ளி வேறு. இரண்டுக்கும் இந்தப் பக்கத்தில் சுமார் முன்னூறு கஜம் வித்தியாசம் வருமாம். கணக்கு சரி மாமா, தாள்தான் பழசு என்று அவள் ஆறுதலாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தேன். கீழ் விளிம்பில், பொடி எழுத்தில், எந்த அடிப்படையில் அளந்தது என்று அச்சிட்டிருந்தது. விளிம்பைப் படிக்காமல் படத்தைத் தொடாதே என்பது பயிற்சிக் காலத்தில் எனக்குச் சொன்ன முதல் விதி. நான் அந்த விளிம்பைப் படித்திருக்கிறேன் அண்ணே. அன்று அந்த விளிம்பின்மேல்தான் கண்ணாடித் தகட்டின் ஓரம் இருந்தது. எனக்குத் தெரியாமல் தவறினேனா, யாரும் வந்து பெயர் எழுதிவிடக் கூடாது என்று என்னுள் இருந்த பயம் தகட்டை அங்கே நகர்த்தி வைத்ததா? பல நாள் யோசித்தேன். அளக்க வழியில்லை. வெறுமையாக விடுகிறேன்.

"அந்தப் பெட்டிய எடுத்துக் குடுங்க மாமா. அப்பா சாமான்னு எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும். நீங்கதான மாசா மாசம் போய்ப் பாத்தீங்க, எடம் ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் ஸ்டெல்லா.

அவள் கண்ணைப் பார்த்து முடியாது என்று சொல்லத் தைரியம் வேண்டும். அது இல்லாததால் வண்டி ஏறினேன்.

"யேஓஸின், பா லா?"

என் வாயிலிருந்து வந்தது சொல்லா இருமலா தெரியவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, எனக்காக "பா தே, பா தே" என்று கத்தினாள். வண்டி நின்றது. இறங்கினேன். சாவடியில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவன் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தான்.

மேடையருகே ஓர் அம்மாள் பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கன்னத்தில் தனக்கா, தலையில் ஓலைத்தொப்பி. தண்ணீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மேடைக்குப் பின்னால் என் கண் போவதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன வேணும் ஊலே? உப்பா, நெருப்பா?"

அவர் பர்மியத்தில் கேட்டது இதுதான். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய், செங்கல்லை எடுத்து, பெட்டியை வெளியே இழுத்து, பலகைமேல் வைத்துத் திறந்தார். தார் எப்போதோ போயிருந்தது. உள்ளே சுத்தமான பூத்துணி விரித்திருந்தது. நம் உப்புச் சீசாவில் புது உப்பு. நம் தீப்பெட்டி இல்லை. வேறு மூன்று இருந்தன. நாம் வைத்த சாவிக்குப் பதில் தூண்டில் முள் ஒன்று, சீப்பு, சின்னப் பெண் குழந்தையின் தலைக் கவ்வி, பாதி தேய்ந்த தனக்காக் கட்டை. நம் ஊசி அப்படியே இருந்தது, நூல் மட்டும் வேறு நிறம்.

அவர் பெயர் தோ சீன். வயலுக்கு அந்தப் பக்கம் வீடு. மேடை அவருடைய கணவர் பேரில் கட்டியது. நாம் வைத்த மறுவாரமே, பின்சுவரைக் கழுவும்போது பெட்டியைப் பார்த்திருக்கிறார். தண்ணீர்ப் பானை வைப்பதுபோல் இதையும் யாரோ புண்ணியத்துக்கு வைத்த காணிக்கை என்று எடுத்துக்கொண்டார். வெளியே வைத்தால் களவு போகும் என்று பின்னால் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. அன்றிலிருந்து வழிப்போக்கர்கள் உப்புக் கேட்டால், நெருப்புக் கேட்டால், லுங்கி கிழிந்துவிட்டது என்றால், எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர்கள் சும்மா போகாமல் ஏதாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் விதியை யாரும் சொல்லாமலே.

"நெறைய பேர் வருவாங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கேட்டேன்.

"திங்ஜான் திருவிழா சமயத்துல பாக்கணுமே. அப்ப நானே ரெண்டு தடவ உப்பு ரொப்புவேன்."

பெட்டியின் அடியில், மூன்று பிளாஸ்டிக் உறைக்குள், நம் நோட்டு. பிரித்தேன். உங்கள் ஆங்கிலக் கையெழுத்து முதல் பக்கத்தில். மற்ற பக்கங்கள் எல்லாம் வெள்ளை.

"இதுல யாரும் எழுதலியா?"

"அது என்னன்னு யாருக்குத் தெரியும்? இங்கிலீஸு. ஏதோ பெரிய காகிதம்னு நெனச்சு மழைக்கு நனையாம சுத்தி வெச்சேன். ஒருத்தரையும் தொட விடல."

உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். இத்தனை வருடம் நீங்கள் ஓர் ஆளுக்காகக் காத்திருந்தீர்கள் அண்ணே. ஓர் ஆள் தினம் காலையில் வந்திருக்கிறார். நான் ஒரே ஒரு மாதம் இறங்கியிருந்தால், இதைப் பார்த்துவிட்டு நேரே தாகேதாவுக்கு ஓடி வந்து, தலைக் கவ்வியையும் தூண்டில் முள்ளையும் உங்கள் இடது கையில் வைத்திருப்பேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றுகூட எனக்குத் தெரியும். சொல்லிப் பார்க்கத் துணிவில்லை.

இது என் நண்பர் வைத்தது, அவர் இறந்துவிட்டார், மகள் கேட்கிறாள், எடுத்துப் போக வந்தேன் என்றேன்.

தோ சீன் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார். "எடுத்துட்டா நாளைக்கு உப்புக் கேக்குறவங்களுக்கு நான் என்ன சொல்ல?" பிறகு சற்று யோசித்து, "அவர் பேர் என்ன?" என்றார்.

வாசலைப் பார்க்கும் பழக்கத்தில் சாவடிப் பக்கம் திரும்பினேன். பிறகு உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லச் சொன்னார். சாலையோரம் நின்று, உங்கள் ஞானஸ்நானப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து, உரக்கச் சொன்னேன். அவர் குவளையில் தண்ணீர் எடுத்து, உங்கள் பெயரைத் தமக்கு வந்த விதமாக உச்சரித்து, இந்தப் புண்ணியத்தில் உங்களுக்கும் பங்கு என்று மூன்று முறை சொல்லி, மரத்தடி மண்ணில் ஊற்றினார். உங்கள் பாதிரியார் என்ன சொல்வாரோ. நான் தடுக்கவில்லை.

பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. மறுவாரம் எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கிப் போய் எல்லாவற்றையும் மாற்றினோம். ஸ்டெல்லா கேட்டு அழுதாள். சாமானெல்லாம் அங்கேயே இருக்கட்டும், பழைய பெட்டி உங்களிடம் இருக்கட்டும் என்றாள். தலைக் கவ்வியை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். பதிலுக்குத் தன் பேனாவை வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். திருத்திய எண்களை அவளே ஏற்றிவிட்டாள். நோட்டில் உங்கள் எழுத்துக்குக் கீழே பர்மியத்தில் விளக்கம் எழுதினேன், நீங்கள் முதலிலேயே சொன்ன வாசகத்தை. அடுத்த பக்கத்தில் தோ சீன் தம் பெயரை எழுதினார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல நாக்கைக் கடித்துக்கொண்டு. பேனாவை என்னிடம் நீட்டினார். மை இருந்தது. வயிறும் நன்றாகத்தான் இருந்தது. என் முழுப் பெயரையும், தெரு எண்ணையும், மாடியையும் எழுதினேன். அன்று வீட்டுக்கு வந்ததும் ஏன் முகவரி எழுதினேன் என்று நடுங்கினேன். இன்றும் படிக்கட்டில் அந்நியக் காலடி கேட்டால் நடுங்குகிறேன். நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் மாதம் ஒருமுறை போகிறேன். தகரப் பெட்டி என்னிடம் இருப்பதால் அதை முகர்ந்துவிட்டுக் கிளம்புகிறேன். போன மாதம் நோட்டில் பதினொரு பெயர் இருந்தது. அவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் கல்லறைக்குக் கொண்டுபோக நினைத்தேன். பெயர்ப் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரப் பயமாக இருந்தது. ஆகவே மனப்பாடம் செய்துகொண்டு வந்து, உங்கள் தலைமாட்டில் நின்று சொன்னேன். ஒன்றிரண்டு வரிசை மாறியிருக்கலாம்.

நாளை மறுநாள் மறுபடி போக வேண்டும். மரம் தெரியத் தொடங்கியதும் மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றுவேன். நடத்துனர் கேட்பான். அந்தப் பழைய நடத்துனர் வண்டியில்தான் இப்போது ஏறுகிறேன். அவன் என் பக்கம் திரும்பி, வேண்டுமென்றே இரண்டு தடவை கேட்கிறான். இரண்டாம் தடவைக்குள் சொல்லிவிடுகிறேன், வண்டி அதிரும்படியாக இல்லை, அவனுக்குக் கேட்கும் அளவுக்கு.

பா தே.